பழைய பேண்ட் இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி: முதலில் வேகம், பிறகுதான் இரைச்சல்

இராணுவ பேண்ட் மார்ச்சுகளும் கான்செர்ட் பேண்ட் இசையும் உள்ள பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் கரகரப்பை நீக்கத்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். அதற்கு முன்பே பெரிய பிழை நடந்து முடிந்திருக்கும்: தட்டு தப்பான வேகத்தில் ஓடியிருக்கும். பாட்டுத் தட்டென்றால் குரலின் இயல்பு மாறியதைக் காது கண்டுபிடித்துவிடும். பேண்டில் அந்தத் துப்பு கிடைக்காது. மூன்று சதவீதம் வேகம் கூடினாலும் குறைந்தாலும் மார்ச் மார்ச்சாகவே கேட்கும், சுருதி மட்டும் நகர்ந்திருக்கும். அடுத்த ஆபத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் கார்னெட்டையும் (ட்ரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) ஸ்நேர் டிரம்மையும் (அடியில் கம்பி கட்டிய முரசு) தட்டிலுள்ள கீறல் என்று எண்ணிக் கடித்து வைப்பது. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் வழக்கமான வேலைதான்.

தட்டு எந்தக் காலத்தது?

லேபிளைப் பார்ப்பதோடு நிற்காமல், இசை முடிந்தபின் லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்று வளையத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மேட்ரிக்ஸ் எண்ணும் (பதிவுக்கு நிறுவனம் கொடுத்த அடையாள எண்) சில குறிகளும் அங்கே இருக்கும். விக்டர் தட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 'விஇ' என்ற எழுத்துகள், எச்எம்வி தட்டில் மேட்ரிக்ஸ் எண்ணை ஒட்டி ஒரு முக்கோணம், கொலம்பியாவில் வட்டத்துக்குள் 'டபிள்யூ': இவை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையில் மைக்ரோபோன் வைத்துப் பதிவானவை, அதாவது 1925 அல்லது அதற்குப் பிந்தியவை. இந்த நிறுவனங்களின் தட்டில் இப்படி எதுவும் இல்லாமல் எண்ணும் பழையதாக இருந்தால், பெரும்பாலும் மைக்ரோபோன் இல்லாமல் புனல்வாய்க்கு முன் ஊதிப் பதிந்தது. அமெரிக்கத் தட்டு என்றால் மேட்ரிக்ஸ் எண்ணை வைத்து, கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சாண்டா பார்பராவின் இசைத்தட்டு விவரத் தளத்தில் பதிவு நாளையே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். வேகம், சுருதி, ஈக்வலைசர் (அடிச்சுர, மேல்சுர அளவைச் சரிசெய்தல்) மூன்றுமே இந்தத் தேதியைச் சார்ந்தவை. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கழுவுதல், ஊசி

78 வேகத் தட்டுகள் (நிமிடத்துக்குச் சுமார் 78 சுற்று) பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. ஆல்கஹால் கலந்த எந்தத் துடைப்பு நீரும் ஆகாது, அரக்கைக் கரைத்துவிடும். வினைல் தட்டுக்கென்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும் என்பதால் புட்டியைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வாலைவடிநீரில் சில துளி மணமில்லாத மென்சோப்பு கலந்து, லேபிள் நனையாமல், தடத்தின் போக்கிலேயே மென்மையான தூரிகையால் தேய்த்து, வெறும் வாலைவடிநீரில் அலசி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். எடிசன் டயமண்ட் தட்டை நனைக்கவே கூடாது, நீர் உள்ளே போனால் நடுப்பகுதி உப்பி மேல்பூச்சு பிரியும். அலுமினியத்தின் மேல் லாக்கர் பூசிய வானொலித் தட்டுகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

எல்பி (33⅓ வேக வினைல் தட்டு) ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், பழைய மோனோ எல்பிக்கு 25, 78 வேகத் தட்டுக்கு 76 அளவில் வேண்டும். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் அது தடத்தின் அடியில் உள்ள அழுக்கைத்தான் வாசிக்கும். பேண்ட் தட்டுகளுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. எஃகு ஊசியில் பல நூறு முறை ஓடியவை அவை, சத்தம் உயர்ந்த பித்தளைக் கருவிப் பகுதிகள் ஒரே ஆழத்தில் தேய்ந்து வெடிவெடிப்பாகக் கேட்கும். 64 அல்லது 89 மைக்ரான் ஊசியால் தேயாத ஆழத்தைத் தொட்டால் அந்த வெடிப்பு பாதியாகக் குறைவதுண்டு. எந்த மென்பொருளாலும் செய்ய முடியாததை இந்த ஒரு ஊசி மாற்றம் செய்யும். காசு செலவழிப்பதென்றால் இதில் செலவழிக்கலாம். ஊசி அழுத்தம் 3 முதல் 5 கிராம்.

பதிவு செய்தல்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மோனோ தட்டானாலும் ஸ்டீரியோவாகவே எடுங்கள். தடத்தின் இரு சுவரும் ஒரே அளவில் தேய்ந்திருக்காது. பிறகு இரண்டையும் கூட்டலாம், அல்லது நல்ல சுவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எடிசன் போல மேலும் கீழுமாக வெட்டிய தட்டென்றால் ஒரு சேனலைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இசை மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

மார்ச்சின் மிக உரத்த இடம் பெரும்பாலும் கடைசி அடி. தொடக்கத்தைக் கேட்டு அளவை வைத்தால் முடிவில் அலையின் உச்சி வெட்டுப்படும். கடைசிப் பகுதியை ஓடவிட்டு உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தொடும்படி வையுங்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பது

'78' என்பது ஒரு வசதிக்கான எண். மின் மோட்டார் வந்தபின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் அது 78.26, 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92. அதற்கு முந்திய தட்டுகளில் ஒழுங்கே கிடையாது. கொலம்பியா தன் பழைய தட்டுகளை 80 என்று குறித்தது, பெர்லினர் தட்டுகள் 70 பக்கம் இறங்கும், பாத்தே 90-க்கு மேல் போகும். 80-இல் பதிவானதை 78.26-இல் ஓட்டினால் சுருதி 38 சென்ட் இறங்கும். அது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

உடனே 'ஏ' சுரத்தை இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்ஸில் கொண்டுவந்து நிறுத்தத் தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகள் 1920-களின் கடைசி வரை உயர்சுருதியில் ஊதின: ஏ சுரம் சுமார் 452.5 ஹெர்ட்ஸ். பிரிட்டனின் பிராஸ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரைகூட அதை விடவில்லை. 452.5-க்கும் 440-க்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி. அப்படிப்பட்ட தட்டை 440-க்கு இழுத்தால் 78.26 என்பது 76.1 ஆகிவிடும், நிமிடத்துக்கு 120 அடி நடக்கும் மார்ச் 117-க்குக் குறையும். கேட்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் பேண்ட் களைத்துப்போனது போல் இருக்கும். அமெரிக்காவில் முதல் உலகப் போருக்கு முன்பு உயர்சுருதியும் தாழ்சுருதியும் சேர்ந்தே புழங்கின. அந்தக் காலத் தட்டுக்கு ஒரே நிறுவனத்தின் அதே மாதப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

கணக்கு எளிது. மார்ச் முடியும் நீண்ட ஸ்வரக்கூட்டைத் தேர்ந்து, அலைவரிசைப் பகுப்பாய்வில் ஆதாரசுரத்தைப் படியுங்கள். பேண்ட் மார்ச்சுகள் பெரும்பாலும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், எஃப் போன்ற ஸ்கேல்களில்தான் இருக்கும், ட்ரியோ எனும் பிற்பகுதியில் வழக்கமாக ஒரு ஃபிளாட் கூடும். ஈ மேஜர், பி மேஜர் என்று காட்டினால் வேகம் அரைச்சுரம் பிசகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நடுவிலுள்ள பி ஃபிளாட் 440 சுருதியில் 466 ஹெர்ட்ஸ், உயர்சுருதியில் 479. 1912 வாக்கில் பதிவான பிரிட்டிஷ் இராணுவ பேண்ட் தட்டு 78-இல் ஓடும்போது 479 காட்டினால் அதைத் தொட வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது. 490 காட்டினால் சரியான வேகம் 78 × 479 ÷ 490, அதாவது சுமார் 76.2. தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு இடத்தில் அளந்து பாருங்கள். தட்டில் தடம் வெட்டும் கருவியின் வேகமே நழுவிய பதிவுகள் உண்டு. பத்து சென்ட் வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை, ஊதி ஊதிக் கருவி சூடேறினாலே அவ்வளவு ஏறும்.

தாளவேகத்தை ஒரு பக்கத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க மார்ச் 120 அடி, பிரிட்டிஷ் காலாட்படை 116, அவர்களின் லைட் இன்ஃபன்ட்ரி 140 என்பதெல்லாம் அணிவகுப்புத் திடலின் கணக்கு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். அதற்குள் அடக்க வேகமாக ஊதினார்கள், திரும்ப வாசிக்க வேண்டியதை விட்டார்கள். பேக்பைப் மட்டும் உள்ள தட்டில் சுருதியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் 'ஏ' இன்று பி ஃபிளாட்டுக்கும் மேலே இருக்கிறது, பழைய பதிவுகளில் தாழ்ந்திருக்கும்.

திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும், தாளத்தை மட்டும் மாற்றுகிற கட்டளைகள் டிரம் அடியை மழுங்கடிக்கும். உங்கள் டர்ன்டேபிளில் 78 இல்லையென்றால் 33⅓-இல் எடுத்து 134.8 சதவீதம் கூட்டலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சேர்த்த ஆர்ஐஏஏ திருத்தத்தை (எல்பிகளுக்கான பொது ஈக்வலைசர் அளவு) வேகம் மாற்றும் முன்பே கழித்துவிட வேண்டும். பின்னால் கழித்தால் அது தப்பான அலைவரிசையில் விழும்.

ஈக்வலைசர்

புனல் காலத் தட்டுக்கு எந்த ஈக்வலைசர் வளைவும் (எந்த அலைவரிசையை எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்ற கணக்கு) கிடையாது. தட்டையாக எடுத்து, காதுக்கு ஏற்ப அடிச்சுரத்தைச் சற்று உயர்த்தினால் போதும். பேஸ் டிரம் எங்கே என்று தேடி 60 ஹெர்ட்ஸை ஏற்ற வேண்டாம். வெட்டும் ஊசி துள்ளிவிடும் என்பதால் அன்று டிரம்மை விட்டுவிட்டார்கள், அல்லது தூரத்தில் நிறுத்தினார்கள். ஏற்றினால் வருவது மோட்டார் உறுமல்தான். அதேபோல் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக இசை இல்லை, கூசாமல் வெட்டலாம். மின்பதிவுத் தட்டில் அடிச்சுரத்தைக் குறைத்து வெட்டியிருப்பார்கள், அதைத் திரும்ப ஏற்ற வேண்டும்: பிரிட்டிஷ் தட்டென்றால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அமெரிக்கத் தட்டென்றால் 500 வாக்கில் தொடங்கிப் பாருங்கள். ஆர்ஐஏஏ 1954-இல் வந்தது, அதற்கு முன் வெட்டிய எல்பிகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வளைவு வேறு.

கிளிக் நீக்கல்

ட்ரம்பெட், கார்னெட், ட்ராம்போன் ஆகியவற்றின் அலைவடிவமே கூர்முனைகளால் ஆனது. கிளிக்கும் (கீறலால் வரும் 'டிக்' ஒலி) கூர்முனைதான். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. அதனால்தான் தானியங்கி நீக்கத்துக்குப் பிறகு உரத்த பித்தளைப் பகுதிகள் காகிதம் ஒட்டிய சீப்பை ஊதுவது போல நசுங்கிக் கேட்கின்றன. ஸ்நேர் டிரம்மின் உருட்டும் பிக்கலோ எனும் சிறு புல்லாங்குழலின் தொடக்கமும் அடுத்த பலிகள்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் கிளிக் நீக்கத்தின் இயல்பு அளவு 200, அகலம் 20. அளவு எண் சிறுத்தால் தீவிரம் கூடும். பேண்டுக்கு அகலத்தைக் குறைத்து வைத்து, பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் திருத்துங்கள். க்ளிக்ரிப்பேர் மென்பொருளில் பித்தளைக் கருவிகளைக் காக்கும் அமைப்பும், ஒலியைப் பின்னிருந்து முன்னாக ஓட்டிச் சுத்தம் செய்யும் அமைப்பும் உண்டு, இரண்டையும் போட்டுவிடலாம். பின்னோட்டத்தில் சுரத்தின் திடீர்த் தொடக்கம் மெல்ல ஏறி வருவதால் மென்பொருள் ஏமாறுவது குறையும்.

சோதனை இது: சுத்தம் செய்ததைத் தலைகீழாக்கி மூலத்தோடு கூட்டிக் கேளுங்கள். மிஞ்சுவது நீக்கப்பட்ட ஒலி மட்டும். அதில் மெட்டு அடையாளம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது.

தொடர் இரைச்சலுக்கு, இசை தொடங்கும் முன்னுள்ள வெற்றுத் தடத்திலிருந்து மாதிரி எடுத்து 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். 12-க்குப் போனால் சிம்பலின் நீட்சி நீரில் மூழ்கியது போலாகும். ஆடாசிட்டியில் எச்சத்தைக் கேட்கும் வசதி இருக்கிறது, அதில் ஸ்நேர் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த வேலை கிளிக் நீக்கியபின்தான்.

எல்பிகள்

மார்ச் எல்பியில் கடைசிப் பாடல்தான் ஆரவாரமானது, அது விழுவதோ தட்டின் மிக உள்வட்டத்தில், ஊசி மிகவும் திணறும் இடத்தில். கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய பாகம்) அளவுப்பலகை வைத்துச் சரிசெய்யாமல் அங்கே தெளிவை எதிர்பார்க்க முடியாது. பேஸ் டிரம் உள்ள நவீனப் பதிவுகளில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போடாதீர்கள், ட்யூபாவே அதற்குக் கீழே இறங்கும். 20 முதல் 25-இல் செங்குத்தான வடிகட்டி போதும். ஃபிரெடெரிக் ஃபென்னெல் நடத்த, டெலார்க் 1978-இல் டிஜிட்டலில் பதிந்த கிளீவ்லாண்ட் சிம்பொனிக் விண்ட்ஸ் தட்டு பேஸ் டிரம்முக்கே பெயர்போனது. சாதனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை, ஊசி துள்ளினால் குறை அழுத்தத்திலோ ஊசியைத் தாங்கும் கையின் எடையிலோ இருக்கிறது.

உரத்த தொடக்கத்துக்கு 1.8 விநாடி முன்னால் அதன் மங்கல் சாயல் கேட்டால் அது முன்னெதிரொலி, பக்கத்துத் தடத்தின் பதிவு. தொடக்கத்துக்கு முந்திய அமைதியில் இருந்தால் அழித்துவிடலாம்.

பாடல்களைப் பிரிக்கும்போது, இடையில் வரும் டிரம் அடி அடுத்த மார்ச்சைச் சேர்ந்தது. முந்தியதன் வாலில் ஒட்டினால் கேட்கும்போது அசிங்கமாக இருக்கும். கடைசி அடியின் மண்டப அதிர்வு இரைச்சலில் கரையும்வரை விட்டு, பிறகு ஓரிரு விநாடியில் மங்கச் செய்யுங்கள்.

பெயரும் உரிமையும்

சூசாவின் பேண்ட் என்று லேபிளில் இருந்தாலும் நடத்துநர் இடத்தில் அமெரிக்க மார்ச் இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசாவின் பெயரை எழுதிவிடாதீர்கள். அவருக்கு ஒலிப்பதிவு பிடிக்காது, அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆர்தர் பிரையர் போன்ற மற்றவர்கள் நடத்தினார்கள். 'மிலிட்டரி பேண்ட்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் ஊதியவர்கள் சிப்பாய்கள் என்று பொருளில்லை, நிறுவனத்தின் கூலிக் கலைஞர்களாகவும் இருக்கலாம். மார்ச்சுகள் இயற்றிய கென்னத் ஆல்ஃபோர்டும் எஃப். ஜே. ரிக்கெட்ஸும் ஒருவரே, இரண்டு பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். மேட்ரிக்ஸ் எண், டேக் எண் (அதே இசையின் எத்தனையாவது பதிவு), ஓட்டிய வேகம், எடுத்துக்கொண்ட சுருதி, ஊசி அளவு ஐந்தையும் கோப்பின் குறிப்பில் எழுதுங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. 1923 முதல் 1946 வரையிலானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 100 ஆண்டு. அமெரிக்க மரைன் பேண்ட் அரசு ஊழியர்களாகச் செய்யும் பதிவுகளுக்கு அங்கே பதிப்புரிமை இல்லை, ஆனால் அவர்கள் வாசிக்கும் இசையாக்கத்துக்கு இருக்கலாம். மற்ற நாடுகளில் கணக்கு வேறு, பகிரும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். விக்டரின் புனல்காலப் பதிவுகளில் பல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் தட்டைக் கழுவும் முன் அங்கே ஒருமுறை தேடிப்பார்த்தால் சில நாள் வேலை மிச்சமாகலாம்.