தோற்றுவரும் கல்லூரி அணியை நிமிர்த்துவது எப்படி?

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். 3 ஆண்டுகள் முதல் சுற்றிலேயே வெளியேறிய எங்கள் அணி, நான்காம் ஆண்டு இறுதி ஆட்டம்வரை போனது.

முதலில், வாங்கிய கோல்களை எழுதிவையுங்கள்: எந்த நிமிடம், எந்தப் பக்கம். என் நோட்டில் பாதிக்கு மேல் 75-ஆம் நிமிடத்துக்குப் பின், மைதான மூலையிலிருந்து எதிரணி அடிக்கும் கார்னர் கிக்கில் வந்தவை. கால் ஓய்ந்ததும் நம் பையன்கள் தடுக்க வேண்டிய ஆளை விட்டுவிடுகிறார்கள். ஆகவே கார்னர் தடுப்பைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். ஓடிக் களைத்த பிறகு, கடைசி 20 நிமிடம் வையுங்கள். பந்து வரும் மூலைக்கு அருகிலுள்ள கோல்கம்பத்தில் ஒருவன், கோல்கீப்பருக்கு முன்னால் உயரமான இருவர், மற்றவர்கள் ஆளுக்கொரு எதிராளி. கீப்பர் குரல் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் கீப்பர் வள்ளியூர்ப் பையன். வாய் திறக்கவே கூசுவான். தினமும் எதிர்க் கோல்கம்பத்துக்குக் கேட்கும்படி "என் பந்து!" என்று கத்தச் சொன்னேன். 2 மாதத்தில் தடுப்பு வரிசையே அவன் குரலுக்கு நகர்ந்தது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெயில் ஏறுமுன், காலை 6 மணிக்கே தொடங்குங்கள். இடைவேளையில் உப்புப் போட்ட நீராகாரம் கொடுங்கள். ஐப்பசி மழையில் மைதானம் சேறானால் தரையோடு பாஸ் வேண்டாம். பந்து தேங்கிவிடும், தூக்கியே அடிக்கட்டும்.