மும்பை மழையும் உங்கள் மருந்துப் பெட்டியும்

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து மும்பைக்கு வருகிறவர்கள் அதிகம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ பெரியம்மா வீட்டில் சில வாரம், நடுவில் ஊருக்கு ஒரு நடை. மருந்து விஷயத்தில் எல்லோரும் வெயிலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மார்ச் முதல் மே வரைக்கும், அப்புறம் அக்டோபருக்கும் அந்தப் பயம் சரி. மழைக்காலத்தில் மருந்தைக் கெடுப்பது ஈரக்காற்றுதான். பொரித்த அப்பளம் தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் நமுத்துப்போகிற ஊரில் மாத்திரை மட்டும் எப்படித் தப்பும்?

அமெரிக்காவில் எண்ணிப் போட்டுத் தரும் ஆரஞ்சு நிறக் குப்பியில் 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். அறைச் சூடு அவ்வப்போது 30 வரை ஏறினால் பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஒன்றும் ஆகாது. குப்பியின் மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் ஆகாது. உள்ளே இருக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் மாதக் கணக்கில் நிரப்பாமல், இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் எடுத்து வையுங்கள். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து புளித்த வினிகர் வாசனை வரும், வந்தால் குப்பைக்குத்தான். தைராய்டு மாத்திரைக்குச் சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றுமே பகை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் சொந்தக் கண்ணாடிக் குப்பியை விட்டு மாற்றவே கூடாது. இன்னொன்று, பல மருந்துகள் வெளியே எதுவும் தெரியாமலே வீரியம் இழக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நம்ப முடியாது.

எங்கே வைப்பது? நம் வீடுகளில் மருந்து வைக்கும் வழக்கமான இடங்கள் எல்லாமே தப்பான இடங்கள்: அடுப்பு மேடைக்கு மேல் அலமாரி, குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் தலை, விளக்கெரியும் சாமி அலமாரியின் ஓரம். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டு நல்லது. அந்த பீரோ மேற்கு வெயில் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. மருந்தை அதன் உறையோடு, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

"எல்லாத்தையும் ஃபிரிட்ஜுல வெச்சுடு, கெடாது" என்று சித்தி அன்பாகத்தான் சொல்வார். சாதாரண மாத்திரையை அங்கே வைத்தால், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் குப்பிக்குள் நீர் கோக்கும். ஒவ்வாமைக்கான அட்ரினலின் பேனாவையும் (பேனா வடிவ ஊசி) ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அதன் கண்ணாடிச் சாளரத்தில் மருந்து பழுப்பாகவோ கலங்கலாகவோ தெரிந்தால் புதியது வாங்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் உண்மையில் தேவைப்படுவது திறக்காத இன்சுலினுக்கு, 2 முதல் 8 டிகிரிக்குள். கதவுத் தட்டில் வேண்டாம், சூடு ஏறி இறங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம், உறைந்துவிடும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைத்து, இட்லி மாவு நகர்த்துகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலும் 28 நாள் வெளியே தாங்கும். நாள் கணக்கும் சூட்டு வரம்பும் ரகத்துக்கு ரகம் மாறுவதால் கூட வரும் தாளைப் பாருங்கள். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர் பையை நம்பி வருகிறவர்கள் கவனிக்க: அதுவும் சரி, மண்பானையும் சரி, நீர் ஆவியாவதால்தான் குளிரும். டெல்லியின் மே மாத வறண்ட காற்றில் ஜோராக வேலை செய்யும். ஜூலை மும்பையில் காற்றே ஈரம், நீர் எங்கே ஆவியாகும்?

குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் டிரை சிரப் (தண்ணீர் கலந்து கொடுக்கும் தூள் மருந்து) எழுதிக் கொடுத்தால், தண்ணீர் கலந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்றால் கலந்தபின் ஃபிரிட்ஜில் 7 நாள்தான்.

இங்கே கெமிஸ்ட் கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டித் தருவார்கள். காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் பல சமயம் கடையிலேயே தங்கிவிடும். முழுப் பட்டையாக வாங்குவதே மேல். இல்லையென்றால் பில்லைக் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கும். வீட்டில் மாத்திரை எடுக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து ஆரம்பியுங்கள்.

விமானத்தில் மருந்தெல்லாம் கைப்பையில்தான், மருத்துவர் சீட்டோடு. மும்பையிலிருந்து ரயில் ஏறி ஊருக்குப் போவதென்றால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இன்சுலினுக்கு தெர்மோகோல் டப்பாவில் ஐஸ் பேக், ஆனால் அதற்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். டாக்சியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள், டிக்கியில் விடாதீர்கள்.