குற்ற வழக்கைக் குலைக்கும் சாட்சியத் தவறுகள்

தீர்ப்பு நாளில் தோற்கும் வழக்குகள் பல, சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்திலேயே தோற்றுவிட்டவை. தடயம் எடுத்தவரின் அவசரமும் சாட்சியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியும் செய்த சேதத்தைப் பின்னால் எத்தனை திறமையான வழக்கறிஞராலும் சரிக்கட்ட முடியாது.

அடித்துப் பேசும் சாட்சியை அப்படியே நம்பிவிடுவதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். பொய்ச்சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறக்கூடும். ஆனால், தப்பான ஆளை மனதார நம்பி அடையாளம் காட்டுபவர் அசையவே மாட்டார். அப்பாவி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப அந்த உறுதி ஒன்றே போதும்.

நினைவு எவ்வளவு எளிதில் வளையும் என்பதை 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் காட்டினார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்த்தவர்களில் ஒரு பிரிவினரிடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம் “மோதி நொறுங்கியபோது” என்று கேட்டார்கள். இரண்டாம் பிரிவினர் சொன்ன வேகம் அதிகம். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அந்தப் பிரிவின் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. “அவன் கையில் கத்தி இருந்ததல்லவா?” என்று கேட்கும் விசாரணை அதிகாரி, சாட்சியின் நினைவில் தானே ஒரு கத்தியைச் செருகிவிடுகிறார். “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே முறை.

சந்தேக நபரை மற்றவர்களோடு வரிசையாக நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பிலும் இதே கவனம் தேவை. சந்தேக நபர் யார் என்று தெரிந்த அதிகாரி அதை நடத்தக் கூடாது. ஒரு பார்வையே குறிப்பாகிவிடும். குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்பே சொல்ல வேண்டும். “இவராக இருக்கலாம்” என்று அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் அப்படியே எழுத வேண்டும். நீதிமன்ற விசாரணைக்கு வரும்போது அது “இவரேதான்” என்று மாறியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சட்டையின் நிறத்தில் முரண்பட்டார் என்பதற்காக ஒரு சாட்சியை முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறார்கள். நேர்மையான சாட்சிகளிடம் சிறு முரண்பாடு இயல்பு. நான்கு பேர் வார்த்தை பிசகாமல் ஒன்றையே சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ரத்தம், துணி போன்ற பொருள் சாட்சியம் பொய் சொல்லாது என்பார்கள். கையாளும் விதம் அதையும் கெடுத்துவிடும். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் பெண் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு, வேறு பல குற்ற இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவோடு பொருந்தியது. அந்தப் பெண்ணைத் தேடி அலைந்த பிறகு, 2009இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளிலேயே, அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் மரபணு ஒட்டியிருந்தது. கிருமி நீக்கப்பட்ட குச்சியில் மரபணுவும் இருக்காது என்று எண்ணியதே பிழை.

ரத்தம் தோய்ந்த ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்தாலும் மரபணு சிதைந்துவிடும். உலர்த்தி, காகித உறையில் இட்டு, முத்திரை வைக்க வேண்டும். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எங்கே இருந்தது என்ற பதிவில் ஒரு நாள் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். அதைக் குறைசொல்ல முடியாது.

நீங்களே சாட்சியாக நேர்ந்தால், மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்பும் செய்தியைப் பார்ப்பதற்கு முன்பும் கண்டதைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். கேட்டதைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். நினைவில்லாத இடத்தில் “நினைவில்லை” என்றே சொல்லுங்கள். அது உங்கள் சாட்சியத்தைப் பலவீனமாக்காது.