துருவ நட்சத்திரத்தைக் கொண்டு பூமியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவ நட்சத்திரத்தின் உயரக்கோணத்தை வெவ்வேறு ஊர்களில் அளந்து பூமியின் வடிவத்தைச் சோதிக்கப் புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மேகம், தெருவிளக்கு, ஆள் மாறிப்போன நட்சத்திரம் இவற்றை விட்டுவிடுகிறேன். ஓரிரு இரவுகளில் அவை தானாகவே சரியாகிவிடும்.

இரண்டு ஊர்களோடு நிறுத்திக்கொள்வது

உழைப்பு முழுவதையும் வீணாக்குவது இதுதான். கன்னியாகுமரியில் 8.1°, பெங்களூருவில் 13.0°. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன; நேர்த்தூரம் சுமார் 541 கி.மீ. அதைக் கோண வித்தியாசமான 4.9-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் சுமார் 39,750 கி.மீ. வரும். உண்மைச் சுற்றளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று, "பூமி உருண்டை என நிரூபித்தோம்" என்று எழுதிவிடுகிறார்கள். நிரூபிக்கவே இல்லை. உருண்டை என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அதன் அளவை மட்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதே இரண்டு கோணங்கள் தட்டைப் பூமிக்கும் கச்சிதமாகப் பொருந்தும். முக்கோணம் போட்டுப் பாருங்கள்: கன்னியாகுமரிக்கு வடக்கே 1,410 கி.மீ. தள்ளி, தரையிலிருந்து 200 கி.மீ. உயரத்தில் நட்சத்திரம் இருந்தால் போதும். இதை யாராவது எடுத்துக் காட்டினால் உங்கள் தாளில் பதில் இருக்காது.

பதில் மூன்றாவது ஊரில் இருக்கிறது. ஹைதராபாத், கன்னியாகுமரிக்குச் சுமார் 1,030 கி.மீ. வடக்கே. தட்டைக் கணக்குப்படி அங்கே நட்சத்திரம் 28° உயரத்தில் நிற்க வேண்டும், நிற்பதோ 17.4°-இல். ஆனால் முதல் இரண்டு அளவுகளிலும் எதிரெதிர்த் திசையில் ஒரு டிகிரி பிழை இருந்தால், இந்த இடைவெளி முழுவதும் கரைந்துவிடும். அதனால் ஊரை இன்னும் வடக்கே தள்ளுங்கள். டெல்லிக்குப் போனால், அதே பிழையோடு கணக்கிட்டாலும் தட்டைப் பூமியில் நட்சத்திரம் உச்சியைத் தாண்டித் தெற்கே போயிருக்க வேண்டும். உண்மையில் அது வடக்கே, 28.6° உயரத்தில் நிற்கிறது. டெல்லியில் நண்பர் ஒருவர் இருந்தால் போதும், இந்த அளவு கிடைத்துவிடும். அதைக் கேட்டு வாங்காமல் சோதனையை முடிப்பது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது.

பள்ளிப் பாகைமானி

5 செ.மீ. ஆரத்தில் ஒரு டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 57.3 செ.மீ. ஆரத்தில் பலகையில் வில் வரையுங்கள். ஒரு டிகிரிக்கு ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும், கால் டிகிரி கண்ணுக்குத் தெரியும். தூக்குக்குண்டு தண்ணீர் டம்ளருக்குள் தொங்கட்டும், காற்றில் ஆடாது.

அடிவானத்திலிருந்து அளப்பது

வேண்டாம். தூக்குநூல்தான் ஆதாரம்.

துருவ நட்சத்திரம் அசையாது என்று நம்புவது

வடதுருவப் புள்ளியிலிருந்து அது சுமார் 0.6° விலகியிருக்கிறது, ஒரு நாளில் அந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறது. ஓர் ஊரில் மாலையிலும் இன்னோர் ஊரில் விடியற்காலையிலும் அளந்தால் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் புகுந்துவிடலாம். ஒரே தீர்க்கரேகையில் உள்ள ஊர்களைத் தேர்ந்து, போனில் பேசி ஒரே நிமிடத்தில் அளந்தால் இந்த விலகல் கழிந்துபோகும்.

தாழ்ந்த நட்சத்திரம்

8° உயரத்தில் வளிமண்டல ஒளிவிலகல் நட்சத்திரத்தைச் சுமார் 0.1° தூக்கிக் காட்டும். அடிவானத்தில் அரை டிகிரிக்கும் மேல். பண்டைய கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் பூமியின் சுற்றளவை அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) வைத்துக் கணக்கிட்டபோது, ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொடுவதாகவும் அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு, அதாவது 7.5°, உயர்வதாகவும் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு ஊர்களுக்கும் உள்ள அட்சரேகை வித்தியாசம் 5¼° தான். ஒளிவிலகல் இந்தப் பிழையில் ஒரு பங்குதான். அடிவானத்தை உரசும் நட்சத்திரத்தை நம்பியதுதான் அடிப்படைக் கோளாறு.

சாலைத் தூரம்

பெங்களூரு–கன்னியாகுமரி சாலை 650 கி.மீ.க்கு மேல். விடை ஐந்தில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

அட்சரேகையை 111-ஆல் பெருக்கித் தூரம் எடுப்பது

ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்ற எண்ணே உருண்டைப் பூமியை அளந்து வந்தது. அதைப் போட்டால் 40,000 கி.மீ. வராமல் வேறென்ன வரும்? தரையில் அளந்த சர்வே தூரத்தை எடுங்கள். இந்தியாவில் பெரும் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்துதான் முக்கோணங்களைக் கோத்தார். ஊர்களின் அட்சரேகையைக் கண்டுபிடிக்க, உச்சியை ஒட்டிக் கடக்கும் நட்சத்திரங்களைப் பார்த்தார். அங்கே ஒளிவிலகல் ஏறக்குறைய இல்லை.