ஸ்பிட்ஃபயர் ட்ரன்னியனுக்கு கிரீஸ் வேணாம், ஆயில் போடுங்க

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க, ஸ்டியரிங் டைட்டா திரும்புதுன்னா உடனே ஸ்டியரிங் ரேக்கை (வீலைத் திருப்புற பல்சட்டம்) குறை சொல்லாதீங்க, முன் வீல் பக்கம் கீழ இருக்கிற ட்ரன்னியனை, அதாவது வீலைத் தாங்குற செங்குத்துத் தண்டோட கீழ்முனை மரையில உக்காந்து திரும்புற கட்டையைப் பாருங்க. 1962ல இருந்து 1980 வரைக்கும் வந்த வண்டி எல்லாத்துலயும் இதே அமைப்புதான். அதுக்கு கிரீஸ் இல்ல, இபி90 கியர் ஆயில், கிரீஸ் கன்லயே ஆயிலை ஊத்தி மேல கசியிற வரைக்கும் அடிங்க. கிரீஸ் போட்டா நாளாவட்டத்துல காஞ்சு கெட்டியாயிடும், தண்ணி இறங்கி அந்த ஸ்டீல் தண்டு (வெர்டிக்கல் லிங்க்) துருப்பிடிச்சு ஓடும்போதே ஒடிஞ்சு வீல் மடங்கிடும், விளையாட்டில்ல. ட்ரன்னியனைக் கழட்டினா பக்கம் மாத்திடாதீங்க, இடதுல இடது மரை, வலதுல வலது மரை. மாட்டுறப்ப முழுசா முறுக்கிட்டு கொஞ்சம் பின்னாடி எடுத்து விடுங்க, அப்பதான் ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் ஃபுல் லாக், அதாவது கடைசி வரைக்கும், திரும்பும். மரையில துருக்குழி தெரிஞ்சா தேய்ச்சு ஓட்டிடலாம்னு யோசிக்கவே வேணாம், புது லிங்க்தான்.