பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது எப்படி? வேலூர் பெற்றோருக்குச் சில படிகள்

பள்ளி மூன்றரைக்கு விடுகிறது, ஆஸ்பத்திரி டியூட்டியோ ராணிப்பேட்டை ஷூ கம்பெனியோ கல்லூரி வேலையோ முடிந்து நாம் வீடு சேர ஆறரை ஆகிறது. நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு நல்ல ஆள் வேண்டும். பாட்டி ஊரில் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரைத் தினமும் கேட்க முடியாது என்ற நிலையில் முதன்முறையாகத் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: வேலை என்னவென்று தாளில் எழுதுங்கள்

எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சனிக்கிழமை உண்டா, வேனிலிருந்து இறக்கினால் போதுமா பள்ளிக்கே போய் அழைத்து வர வேண்டுமா, சாப்பாடு சூடுபண்ணித் தர வேண்டுமா. இவ்வளவையும் ஆள் தேடும் முன்பே எழுதிவிடுங்கள். பாத்திரம், துணி, வீடு பெருக்குவது எதையும் இதில் சேர்க்காதீர்கள். "மூணு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறாங்க" என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் யாராலும் சும்மா உட்கார முடியாது, சிங்க்கில் கை வைத்திருப்பவருக்கு மாடிப்படியில் ஏறும் பிள்ளை கண்ணில் படாது. வீட்டு வேலைக்கும் ஆள் வேண்டுமென்றால் அதற்குத் தனி நேரம், தனிச் சம்பளம்.

படி 2: நடந்து வரக்கூடியவரைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால், படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்ப்பேன். வீடு சத்துவாச்சாரியில் என்றால் ஆளும் சத்துவாச்சாரியில்தான் இருக்க வேண்டும். காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் பிந்துவார், அன்றைக்கு வேன் பூட்டிய வீட்டின் முன் வந்து நிற்கும். தெருவில் விசாரியுங்கள்: மளிகைக் கடை அக்கா, வேன் ஓட்டுகிற அண்ணன், அங்கன்வாடிப் பணியாளர், கோயிலிலோ சர்ச்சிலோ மசூதியிலோ தெரிந்தவர்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஓய்வாக இருக்கும் அம்மாக்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாத பெண்ணை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள், அந்த நேரத்தில் அவள் படிக்க வேண்டும்.

படி 3: பேசும்போது பிள்ளையும் கூட இருக்கட்டும்

கேள்விகளைவிட இது அதிகம் சொல்லும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து என்னிடமே பேசிக்கொண்டிருந்தார், என் மகனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்த அக்கா நேராகத் தரையில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்த காரைப் பார்த்து, "தம்பி, இதோட சக்கரம் எங்க போச்சு?" என்று கேட்டார். இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தேடப் போய்விட்டார்கள். அவரைத்தான் வைத்தோம்.

சரி, கேள்வியும் வேண்டும்தான். "நல்லா பார்த்துப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் நடக்கக்கூடியதைக் கேளுங்கள். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினால் என்ன செய்வீர்கள்? விழுந்து நெற்றியில் அடிபட்டால் முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள்? தெரிந்த ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கதவைத் தட்டினால்? அடிப்பது, இருட்டு அறை, பூச்சாண்டி என்று பதில் வந்தால் அதோடு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

படி 4: விசாரித்துவிடுங்கள்

ஆதார் நகல் வாங்குங்கள், இப்போது இருக்கும் வீட்டை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். முன்பு வேலை செய்த வீட்டில் பேசும்போது "மறுபடி அவங்களைக் கூப்பிடுவீங்களா?" என்று கேளுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சரிபார்க்கக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மறைவாகச் செய்தால் மனம் நோகும்.

படி 5: சம்பளத்தை முதல் நாளே பேசுங்கள்

உங்கள் பகுதியில் என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு வீட்டில் கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் விடுமுறை நாட்களில்தான். காலாண்டு, அரையாண்டு லீவில் முழுநாள் வர வேண்டுமா, வந்தால் கூடுதலாக எவ்வளவு, நாம் ஊருக்குப் போய்விட்டால் சம்பளம் உண்டா? உண்டு என்பது என் கருத்து, அவர் வீட்டுச் செலவு லீவு எடுப்பதில்லை. அப்புறம் மழை. நவம்பரில் கலெக்டர் காலையில் விடுமுறை அறிவிப்பார், நமக்கு டியூட்டி இருக்கும். அன்றைக்கு அவரால் காலையிலேயே வர முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். தீபாவளிக்குப் போனஸ், மாதம் எத்தனை நாள் லீவு, இதெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதி இரண்டு பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் வாரம் வீட்டில் ஒருவர் இருங்கள்

அம்மாவோ அப்பாவோ லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள். முதல் நாள் மூன்று பேரும் சேர்ந்தே இருங்கள், பிறகு பக்கத்து அறைக்குப் போங்கள், பிறகு கடைக்குப் போய் வாருங்கள். பிள்ளை சில நாள் அழும், அதற்காக ஆளை மாற்ற வேண்டாம். பள்ளியில் எழுத்து மூலம் அவர் பெயரும் போட்டோவும் கொடுத்து, இவரைத் தவிர வேறு யாரிடமும் அனுப்பக் கூடாது என்று சொல்லுங்கள்.

படி 7: ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்

உங்கள் இருவர் எண், பக்கத்து வீட்டு எண், பிள்ளையின் டாக்டர் எண், ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112, குழந்தைகள் உதவிக்கு 1098. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, மருந்து. நம்மிடம் கேட்காமல் எந்த மருந்தும் தரக்கூடாது.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சம்ப் மூடியைக் கையால் தொட்டுக் காட்டுங்கள், லாரி வந்து தண்ணீர் நிரப்பிப் போனபின் அது பல வீடுகளில் சரியாக மூடாமல் கிடக்கிறது. மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள், கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர், பாத்ரூமில் நிரம்பி நிற்கும் பக்கெட். ஐந்து வயதுக்குள் இருந்தால் முழு வேர்க்கடலை வேண்டாம், அவித்ததும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஏப்ரல், மே வெயில் நம் ஊரில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை: வந்ததும் தண்ணீர், ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே விளையாட்டு. பிள்ளையின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 8: தினமும் பிள்ளையிடம் பேசுங்கள்

"அக்கா என்ன பண்ணாங்க?" என்று விசாரணை மாதிரி வேண்டாம். "இன்னைக்கு என்ன விளையாடினீங்க, எதுக்குச் சிரிச்சீங்க" என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். உள்ளாடை மூடும் இடங்களை யாரும் தொடக்கூடாது என்பதையும், "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் எதைச் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்பதையும் ஆள் வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். தூக்கத்தில் அலறுவது, அவர் வரும் நேரத்தில் ஒளிந்துகொள்வது, திடீரென்று படுக்கையை நனைப்பது என்று மாற்றம் தெரிந்தால் அவர் வருவதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். சில நாள் சொல்லாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்து பார்ப்பதிலும் தப்பில்லை.

கடைசியாக, அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் கல்யாணம், சாவு உண்டு. அந்த நாளுக்கு இன்னொருவரை, முடிந்தால் அவருக்கே தெரிந்த ஒருவரை, பிள்ளைக்கு முன்கூட்டியே பழக்கி வையுங்கள். பள்ளியில் கொடுக்கும் கடிதத்தில் அந்தப் பெயரையும் போட்டோவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.