பழைய பேபி கிராண்ட் பியானோவுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

விற்பவர் சொல்லும் தொகையை முதலில் ஓரமாக வையுங்கள். யமாஹாவாக இருந்தால் மூடியைத் திறந்ததும் உள்ளே இரும்புச் சட்டத்திலேயே சீரியல் நம்பர் இருக்கும், அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அதே வயதுள்ள அதே மாடல் மற்ற இடங்களில் என்ன விலைக்குப் போகிறதோ, அதுதான் உங்கள் உச்ச வரம்பு.

அப்புறம் கழிக்க ஆரம்பியுங்கள். பளபளக்கும் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம், விலையைத் தீர்மானிப்பது சுருதி ஆணிகளைப் பிடித்திருக்கும் பின்பிளாக் என்ற மரக்கட்டை; அது தளர்ந்துபோயிருந்தால் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது, மாற்றுவதென்றால் 200க்கும் மேற்பட்ட கம்பிகளையும் கழற்ற வேண்டும், அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். போனில் ட்யூனர் ஆப்பைப் போட்டு நடு ஏ (A) ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறதா பாருங்கள். கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளி உறையில் (ஹாமர் ஃபெல்ட்) கம்பித் தடம் ஆழமாக விழுந்திருக்கிறதா? சென்னை மாதிரிக் கடலோர ஊரென்றால் கம்பியில் துருவையும் தேடுங்கள்.

உங்கள் செலவில் ஒரு டெக்னீஷியனைக் கூட்டிப்போங்கள், விற்பவரின் ஆள் வேண்டாம். அவர் சொல்லும் ரிப்பேர் செலவு, வண்டிக்கூலி, வீட்டுக்கு வந்தபின் சுருதி சேர்க்கும் கூலி எல்லாவற்றையும் கழித்து மீதியைக் கேளுங்கள்.